உடலைக் கட்டி வைத்திருக்கும் முப்புரிக் கயிறு: கொலாஜன் பழுதானால் என்ன ஆகும்?

கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ எந்த மருந்துக்கடைக்குள் நுழைந்தாலும் ஒரு முழு அடுக்கையாவது ‘கொலாஜன்’ பிடித்திருக்கும். கொலாஜன் பானம், கொலாஜன் தூள், கொலாஜன் முகப்பூச்சு என்று வகை வகையாக விற்கிறார்கள். இதனால் பலருக்கும் அது ஓர் அழகுப் பொருளின் பெயராகவே மனத்தில் பதிந்துவிட்டது.

ஆனால் கொலாஜன் தோலின் பளபளப்போடு நின்றுவிடும் சங்கதி அல்ல. பிறந்த குழந்தையின் எலும்பு மடமடவென்று முறிவதற்கும், இளைஞன் ஒருவனின் சிறுநீரகம் செயலிழப்பதற்கும், நீண்டகால நீரிழிவு உள்ளவரின் விரல்கள் விறைத்துப்போவதற்கும், கல்லீரல் சுருங்கிக் கெட்டியாவதற்கும் பின்னால் இருப்பது இதே புரதம்தான். அதன் அமைப்பு எப்படிப்பட்டது என்பது புரிந்துவிட்டால், இந்த நோய்கள் ஏன் வருகின்றன என்பதும் பெருமளவு புரிந்துவிடும்.

உடலின் பசை

மனித உடலில் உள்ள மொத்தப் புரதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கொலாஜன். தோல், எலும்பு, பல், தசைநாண், குருத்தெலும்பு, இரத்தக் குழாய், கண்ணின் விழிவெண்படலம் என்று உடலைத் தாங்கிப் பிடிக்க வேண்டிய இடங்களில் எல்லாம் அது இருக்கிறது. இதுவரை 28 வகைக் கொலாஜன்கள் கண்டறியப்பட்டுள்ளன. எலும்பு, தோல், தசைநாண் ஆகியவற்றில் மிகுதியாக இருப்பது முதலாம் வகை. குருத்தெலும்பில் இரண்டாம் வகை. இரத்தக் குழாய், குடல் போன்றவற்றின் சுவரில் மூன்றாம் வகை. சிறுநீரகத்தின் வடிகட்டியில் நான்காம் வகை.

கொலாஜன் என்ற பெயரில் உள்ள ‘கொலா’ பசையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சித் தச்சர்கள் பயன்படுத்திய வச்சிரப் பசை முழுக்க முழுக்கக் கொலாஜனிலிருந்து வருவதுதான். வீட்டிலும் இதைப் பார்க்கலாம். நன்றாகக் கொதிக்க வைத்த ஆட்டுக்கால் சூப்பைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மறுநாள் எடுத்தால் களிபோல உறைந்திருக்கும். சூட்டில் அவிழ்ந்து சூப்பில் கரைந்த கொலாஜன்தான் அப்படி உறைகிறது. அதற்கு ஜெலட்டின் என்று பெயர். நம் ஊரில் பிறந்தநாள் விருந்துகளில் தவறாமல் இடம்பெறும் அகார் அகார் மட்டும் இந்தக் கணக்கில் சேராது. அது கடற்பாசியிலிருந்து எடுக்கப்படுவது. அதில் கொலாஜன் கிடையாது.

கயிறு திரிப்பதுபோல

கயிறு திரிப்பவர்கள் ஒரு நுட்பம் அறிவார்கள். முதலில் நாரை ஒரு பக்கமாக முறுக்கிப் புரியாக்குவார்கள். பிறகு மூன்று புரிகளைச் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்குவார்கள். இழுக்கும்போது ஒரு முறுக்கு அவிழ முயன்றால் மற்றொன்று இறுகும். அதனால்தான் கயிறு தானாகப் பிரிவதில்லை.

கொலாஜன் மூலக்கூறும் இதே முறையில் அமைந்த முப்புரிக் கயிறு. ஒவ்வொரு புரியும் ஏறத்தாழ 1,000 அமினோ அமிலங்களைக் கோத்த ஒரு சங்கிலி. ஒவ்வொரு சங்கிலியும் இடப்பக்கமாகச் சுருண்டிருக்கிறது. அப்படிப்பட்ட மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று தழுவி வலப்பக்கமாக முறுக்கிக்கொள்கின்றன. இப்படி உருவாகும் கயிற்றின் நீளம் 300 நானோமீட்டர், தடிமன் 1.5 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் குறுக்கே இத்தகைய கயிறுகள் சுமார் 50,000 பக்கம் பக்கமாக நிற்க இடம் இருக்கும்.

இந்தக் கயிறுகள் தனித்தனியே வேலை செய்வதில்லை. செங்கல் சுவரில் ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் இணைப்பு தள்ளித் தள்ளி வருவதுபோல, கொலாஜன் மூலக்கூறுகளும் ஒவ்வொன்றும் 67 நானோமீட்டர் தள்ளி அடுக்கப்பட்டு இழையாகின்றன. அடுத்தடுத்த மூலக்கூறுகளுக்கு இடையே குறுக்குப் பிணைப்புகள் விழுகின்றன. இழைகள் சேர்ந்து நாராகின்றன. எலும்பில் இந்த நார்களின் மீது கால்சியம் உப்புகள் படிகின்றன. கான்கிரீட்டில் இரும்புக் கம்பி செய்யும் வேலையை எலும்பில் கொலாஜன் செய்கிறது. ஒரு கோழி எலும்பைச் சில நாட்கள் வினிகரில் ஊற வைத்தால் இது கண்கூடாகத் தெரியும். வினிகர் உப்பைக் கரைத்துவிடும். மீதி இருக்கும் கொலாஜன் ரப்பர்போல வளையும்.

சென்னையில் அவிழ்ந்த முடிச்சு

இந்த முப்புரி அமைப்பை உலகுக்கு முதலில் சொன்னது சென்னைப் பல்கலைக்கழகம். எர்ணாகுளத்தில் 1922-இல் பிறந்த கோ. நா. ராமச்சந்திரன், பெங்களூரில் சர் சி. வி. ராமனிடம் பயின்றவர். கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி முடித்துத் திரும்பிய அவர், 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைத் தலைவரானார். அப்போது அவருக்கு வயது 30.

அந்தச் சமயத்தில் சென்னைக்கு வந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜே. டி. பெர்னல், கொலாஜனின் அமைப்பு இன்னும் தீராத புதிராகவே இருக்கிறது என்று பேச்சுவாக்கில் குறிப்பிட்டார். ராமச்சந்திரன் அதைப் பிடித்துக்கொண்டார். ஆராய்ச்சிக்குத் தேவையான கொலாஜன் பக்கத்திலேயே கிடைத்தது. தோல் பதனிடுவது என்பதே விலங்குத் தோலில் உள்ள கொலாஜன் அழுகாதபடி அதைப் பிணைத்து உறுதிப்படுத்தும் வேலைதான். அந்தத் தொழிலுக்கென்று 1948-இல் தொடங்கப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் அடையாற்றில் இருந்தது. அங்கிருந்து அவருக்குக் கிடைத்த மாதிரிகளில் கங்காருவின் வால் தசைநாணும் ஒன்று.

ராமச்சந்திரனும் அவருடன் பணிபுரிந்த கோபிநாத் கர்த்தாவும் அந்தத் தசைநாணின் மீது எக்ஸ்ரே கதிரைச் செலுத்தி, அது சிதறும் விதத்தைப் படம் பிடித்தார்கள். கொலாஜனின் அமினோ அமிலங்களில் மூன்றில் ஒன்று கிளைசின் என்பது ஏற்கெனவே தெரிந்திருந்தது. அப்படியென்றால் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் இருக்க வேண்டும்; மூன்று சங்கிலிகள் சேர்ந்தால்தான் அது பொருந்தும் என்ற முடிவுக்கு இருவரும் வந்தார்கள். 1954 ஆகஸ்டில் ‘நேச்சர்’ இதழில் அவர்களுடைய கட்டுரை வெளியானது. டிஎன்ஏ-வின் ஈரிழை அமைப்பு வெளியாகி அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. மூன்று சங்கிலிகளும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டிருப்பதையும் சேர்த்து 1955-இல் அவர்கள் தங்கள் அமைப்பைத் திருத்தி வெளியிட்டார்கள்.

டிஎன்ஏ புகழ் பிரான்சிஸ் கிரிக், அலெக்சாண்டர் ரிச்சுடன் சேர்ந்து அதே 1955-இல் இதில் மேலும் திருத்தம் செய்தார். சென்னையில் முன்வைத்த அமைப்பில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்பது அவர்கள் எழுப்பிய குறை. முப்புரி என்ற அடிப்படை மாறவில்லை. பிணைப்பின் நுணுக்கத்தில் அவர்கள் சொன்னதுதான் பின்னாளில் உறுதியானது.

ராமச்சந்திரன் அந்தக் குறையை அப்படியே விட்டுவிடவில்லை. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம், எவ்வளவு நெருங்கக் கூடாது என்ற கேள்வியையே தனி ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டார். சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து 1963-இல் அவர் வெளியிட்ட வரைபடம் இன்று ‘ராமச்சந்திரன் வரைபடம்’ என்று உலகெங்கும் பாடநூல்களில் இருக்கிறது. புதிதாகக் கண்டறியப்படும் புரத அமைப்பு சரியா என்று சோதிக்க இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். அடையாறு தோல் ஆராய்ச்சி நிலையத்தின் அரங்கத்துக்கு முப்புரிச் சுருளைக் குறிக்கும் ‘டிரிபிள் ஹீலிக்ஸ்’ என்ற பெயரே சூட்டப்பட்டிருக்கிறது.

மூன்றாம் இடத்தில் ஏன் கிளைசின்?

மூன்று புரிகள் முறுக்கிக்கொள்ளும்போது கயிற்றின் நடுவே மிகக் குறுகிய இடம்தான் மிஞ்சும். ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றில் ஓர் அமினோ அமிலம் அந்த நடு இடத்துக்கு வந்தாக வேண்டும். அங்கே நுழையக்கூடியது கிளைசின் மட்டுமே. எல்லா அமினோ அமிலங்களிலும் மிகச் சிறியது அதுதான். அதன் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருப்பது ஒரே ஒரு ஹைட்ரஜன் அணு.

மரபணுவில் ஓர் எழுத்து மாறி, 1,000 அமினோ அமிலங்களில் ஒரே ஒரு கிளைசினுக்குப் பதிலாகச் சற்றுப் பெரிய அமினோ அமிலம் வந்துவிட்டால் போதும். அந்த இடத்தில் கயிறு சரியாக முறுக்கிக்கொள்ளாது. கொலாஜன் ஒரு முனையிலிருந்து தொடங்கி, சட்டை சிப் மூடுவதுபோல வரிசையாக மூடிக்கொண்டே போவது. தடை வந்த இடத்தில் முறுக்கு தாமதிக்கிறது. அதற்கு அப்பால் உள்ள பகுதியும் கெட்டுப்போகிறது.

முதலாம் வகைக் கொலாஜனில் இப்படிப் பிறழ்வு ஏற்படும்போது வரும் நோய்தான் எலும்பு எளிதில் நொறுங்கும் பிறவிக் குறைபாடு. ஏறத்தாழ 15,000 முதல் 20,000 பிறப்புகளில் ஒன்றில் இது காணப்படுகிறது. சில குழந்தைகளுக்கு வாழ்நாளில் சில முறிவுகள் மட்டுமே வரும். சிலருக்குக் கருவிலேயே எலும்புகள் முறிந்திருக்கும். கண்ணின் வெள்ளைப் பகுதி நீலமாகத் தெரிவது, பற்கள் எளிதில் உடைவது, வளர்ந்த பிறகு காது மந்தமாவது ஆகியவையும் சிலரிடம் இருக்கும். காரணம் ஒன்றே: இவை எல்லாமே முதலாம் வகைக் கொலாஜனால் ஆனவை.

குறைவானதைவிடப் பழுதானது மோசம்

இந்த நோயில் வியப்பூட்டும் ஒரு கணக்கு இருக்கிறது. முதலாம் வகைக் கொலாஜனின் மூன்று புரிகளில் இரண்டு ஒரே மரபணுவிலிருந்து வருபவை. அந்த மரபணு எல்லாரிடமும் இரண்டு பிரதிகளாக இருக்கும். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று.

ஒரு பிரதி முற்றிலும் வேலை செய்யாமல் போனால் கொலாஜன் உற்பத்தி பாதியாகக் குறையும். ஆனால் உருவாகும் கயிறுகள் எல்லாம் நல்ல கயிறுகள். இவர்களுக்குப் பெரும்பாலும் நோயின் மிதமான வடிவமே வருகிறது.

ஒரு பிரதி வேலை செய்து, பழுதான புரிகளைத் தயாரித்துக்கொண்டே இருந்தால் நிலைமை வேறு. நல்ல புரியும் பழுதான புரியும் சரிபாதி கலந்து கிடக்கும். ஒரு கயிற்றுக்கு அவற்றிலிருந்து இரண்டு தேவை. இரண்டும் நல்லதாக அமையும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். இரண்டு நாணயங்களைச் சுண்டினால் இரண்டும் தலையாக விழும் வாய்ப்புக்குச் சமம். ஆக, பாதிப் புரிகள் பழுதாக இருந்தாலும் முக்கால்வாசிக் கயிறுகள் கெட்டுவிடுகின்றன. பல கைகள் சேர்ந்து செய்யும் வேலையில் ஒருவர் வராமல் இருப்பதைவிட, வந்து கெடுப்பது கூடுதல் சேதம் என்பதுபோல.

இந்தக் குழந்தைகளின் பெற்றோர் பலருக்கு நோயின் அறிகுறியே இருக்காது. கருத்தரிக்கும் வேளையில் புதிதாக ஏற்பட்ட பிறழ்வாக அது இருக்கக்கூடும். தாய் கர்ப்பகாலத்தில் எதைச் சாப்பிட்டார், எந்தக் கிரகணத்தின்போது வெளியே போனார் என்று தேடுவதில் பொருளில்லை. அதேபோல, அடிக்கடி எலும்பு முறிந்து வரும் குழந்தையைப் பார்த்ததும் பெற்றோர் அடித்திருப்பார்களோ என்ற சந்தேகம் எழுவதும் உலகெங்கும் நடப்பது. மரபணுச் சோதனை இந்த இரண்டு பழியிலிருந்தும் குடும்பத்தை விடுவிக்கும். எலும்பின் அடர்த்தியைக் கூட்டும் மருந்துகள், நீண்ட எலும்புகளுக்குள் கம்பி பொருத்தும் அறுவைச் சிகிச்சை, இயன்மருத்துவம் ஆகியவற்றால் பல குழந்தைகள் பள்ளிக்குச் சென்று இயல்பாக வளர்கிறார்கள்.

சிறுநீரகத்தில் ஒரு வலை

எல்லாக் கொலாஜனும் கயிறாக இருப்பதில்லை. நான்காம் வகையின் சங்கிலியில் கிளைசின் வரிசை இடையிடையே விட்டுப்போகும். அந்த இடங்களில் மூலக்கூறு வளைந்து கொடுக்கும். இதனால் அவை கயிறாகத் திரளாமல், ஒன்றோடொன்று முனையைக் கோத்து வலையாகப் பரவுகின்றன. இரத்தத்தை வடிகட்டும் சிறுநீரகச் சல்லடை இந்த வலையின் மீதுதான் நிற்கிறது. உட்காதிலும் கண்ணிலும் அதே வலை உண்டு.

இந்த வலையைப் பின்னும் மரபணுவில் பிறழ்வு ஏற்பட்டால் வருவது ஆல்போர்ட் நோய். 1927-இல் அதை விவரித்த மருத்துவரின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. சிறு வயதில் சிறுநீரில் கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தம் கசிவதுதான் முதல் அறிகுறி. பிறகு புரதமும் கசியும். பதின்ம வயதில் காது மந்தமாகலாம். முறையான சிகிச்சை இல்லாவிட்டால், ஆண்களில் பலருக்கு 40 வயதுக்குள் சிறுநீரகம் செயலிழந்துவிடுகிறது.

பெரும்பாலான குடும்பங்களில் இந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அதனால் பிறழ்வு உள்ள தந்தையிடமிருந்து அது மகனுக்குப் போகாது. எல்லா மகள்களுக்கும் போகும். பிறழ்வு உள்ள தாயிடமிருந்து மகனுக்கும் மகளுக்கும் சரிபாதி வாய்ப்பு. தாய்க்கு நோய் மெதுவாக வருவதால் அவர் ஆரோக்கியமாக இருப்பதாகவே தோன்றும். மகனுக்குச் சிறுநீரகம் தர முன்வரும் தாயை மருத்துவர்கள் தீவிரமாகப் பரிசோதிப்பது இதனால்தான்.

இன்னொரு வகையில், இரு பெற்றோரிடமிருந்தும் பிறழ்வு வந்தால்தான் கடுமையான நோய் வெளிப்படும். நொறுங்கும் எலும்பு நோயிலும் இப்படிச் சில அரிய வகைகள் உண்டு. அக்காள் மகள், மாமன் மகள் என்று சொந்தத்தில் மணம் செய்யும் குடும்பங்களில் இந்த வகைக்கான வாய்ப்பு கூடுகிறது. இளம் வயதில் சிறுநீரகச் செயலிழப்பும் காது மந்தமும் குடும்பத்தில் தொடர்ந்து வந்திருந்தால், திருமணத்துக்கு முன் மரபணு ஆலோசனை பெறுவது நல்லது. சிறுநீரில் புரதக் கசிவைக் குறைக்கும் மருந்தை முன்கூட்டியே தொடங்கினால் செயலிழப்பைப் பல ஆண்டுகள் தள்ளிப்போட முடியும். எளிய சிறுநீர்ச் சோதனைக்கு இவ்வளவு மதிப்பு உண்டு.

24 டிகிரியில் அவிழும் கயிறு

மரபணு சரியாகவே இருந்தாலும் கொலாஜன் கெடக்கூடும். கொலாஜனில் கிளைசினுக்கு அடுத்து மிகுதியாக இருப்பது புரோலின். கயிறு முறுக்கப்படும் முன்பு, அந்தப் புரோலின்களில் பலவற்றில் ஓர் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்க்கப்பட வேண்டும். அதைச் செய்யும் நொதி தொடர்ந்து இயங்க வைட்டமின் சி தேவை.

இந்த ஒட்டு இல்லாத கொலாஜன் ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸிலேயே அவிழ்ந்துவிடும். குளிரூட்டிய அறையின் வெப்பம் அது. மனித உடலின் வெப்பமோ 37 டிகிரி. வைட்டமின் சி இல்லாவிட்டால் உடலின் சொந்தச் சூட்டிலேயே கயிறு நிலைக்காது என்பதுதான் இதன் பொருள்.

ஸ்கர்வி நோயின் வேதியியல் இதுவே. மாதக்கணக்கில் காய்கனி இல்லாமல் பயணம் செய்த மாலுமிகளுக்கு ஈறு வீங்கி இரத்தம் கசிந்தது, பல் ஆடியது, எப்போதோ ஆறிய தழும்புகூடத் திறந்துகொண்டது. ஆறிய தழும்பிலும் பழைய கொலாஜன் கரைந்து புதியது உருவாகிக்கொண்டே இருக்கிறது. புதியது வராமல் நின்றால் தழும்பு பிரிந்துவிடும். 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கடற்படை மருத்துவர் 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து ஆறு விதச் சிகிச்சை கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் சாப்பிட்ட இருவரே விரைவில் எழுந்து நடமாடினார்கள்.

இன்று ஸ்கர்வி அரிது. ஆனாலும் தனியாக வாழ்ந்து, ரொட்டியும் தேநீருமாக நாளைக் கழிக்கும் முதியவர்களிடமும், மது அடிமைகளிடமும், மிகக் குறைந்த வகை உணவை மட்டுமே ஏற்கும் குழந்தைகளிடமும் மருத்துவர்கள் இன்னும் இதைக் காண்கிறார்கள். தீர்வு விலை உயர்ந்தது அல்ல. பசாரில் எளிதில் கிடைக்கும் கொய்யாவில், அதே எடையுள்ள ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி இருக்கிறது.

இனிப்பு நீரும் கைகூப்பும்

மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு மிக நெருக்கமான பகுதி இதுதான். மலேசியாவில் 2019-இல் நடத்தப்பட்ட தேசிய சுகாதார ஆய்வு, பெரியவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பதைக் காட்டியது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையே விகிதம் அதிகம்.

இரத்தத்தில் மிதக்கும் சர்க்கரை புரதங்களில் ஒட்டிக்கொள்ளும் தன்மை உடையது. ரொட்டியின் மேற்புறம் சூட்டில் பழுப்பாவதற்குக் காரணமான வேதிவினை, உடலுக்குள் மிக மெதுவாக நடக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் எச்பிஏ1சி சோதனை, இரத்தச் சிவப்பணுவில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்றுதான் அளக்கிறது. சிவப்பணு சில மாதங்களில் அழிந்து புதியது வந்துவிடும். கொலாஜன் அப்படி அல்ல. தோலில் உள்ள கொலாஜன் பாதி மாறுவதற்கே 15 ஆண்டுகள் வரை ஆகும். குருத்தெலும்பில் உள்ளது ஏறத்தாழ வாழ்நாள் முழுவதும் தங்கும். அதில் ஒட்டும் சர்க்கரையும் அப்படியே தங்கி, பக்கத்துக் கயிறுகளைத் தாறுமாறாகப் பிணைக்கிறது.

விளைவு விறைப்பு. இரத்தக் குழாய் நெகிழ்ச்சியை இழக்கிறது. தோள் இறுகிச் சட்டை மாட்டுவதே சிரமமாகிறது. விரல்களின் தோல் தடித்து மூட்டுகள் மடங்கி நிற்கின்றன.

இதைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும் ஒரு சோதனைக்குக் கருவியே வேண்டாம். வணக்கம் சொல்வதுபோல இரு கைகளையும் கூப்பச் சொல்கிறார்கள். உள்ளங்கையும் விரல்களும் முழுவதுமாக ஒட்டினால் நல்லது. விரல்களுக்கு இடையே இடைவெளி விழுந்தால், மூட்டுத் திசுக்கள் இறுகியிருக்கின்றன என்று பொருள். மூட்டுவாதம் போன்ற வேறு காரணங்களாலும் அப்படி ஆகலாம் என்பதால், வீட்டில் தானாக முடிவுக்கு வந்துவிடக் கூடாது. ஆனால் நீண்டகால நீரிழிவு உள்ளவரின் விரல்கள் ஒட்டவில்லை என்றால் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கைகளில் இந்த மாற்றம் உள்ளவர்களுக்குக் கண், சிறுநீரகம் ஆகியவற்றின் நுண்குழாய்களிலும் பாதிப்பு இருக்கும் வாய்ப்பு அதிகம்.

ஒட்டிய சர்க்கரையைப் பிரித்தெடுக்கும் மருந்து இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. ஆகவே, நோய் தெரிந்த முதல் சில ஆண்டுகளிலேயே சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதன் பலன் பிற்காலம் முழுவதும் நீடிக்கிறது. ‘இப்போது ஒன்றும் செய்யவில்லையே’ என்று மருந்தைத் தள்ளிப்போடும் ஆண்டுகளில்தான் கொலாஜன் கணக்கு ஏறிக்கொண்டிருக்கும்.

மிகுந்தாலும் கேடு

காயம் பட்ட இடத்தில் உடல் அவசரமாகக் கொலாஜனைக் கொட்டி ஒட்டுப்போடுகிறது. வேலை முடிந்ததும் நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் அதுவே நோய்.

வெளியே தெரியும் உதாரணம் கெலாய்டு என்ற புடைத்த தழும்பு. காது குத்திய இடம், தடுப்பூசி போட்ட தோள், முகப்பரு வந்த மார்பு ஆகிய இடங்களில் காயத்தின் எல்லையைத் தாண்டி அது வளரும். கருநிறத் தோல் உள்ளவர்களிடம் இது கூடுதலாக வருகிறது, குடும்பவழியாகவும் தொடர்கிறது. வெறுமனே வெட்டி எடுத்தால் பெரும்பாலும் மீண்டும் வளரும். வீட்டில் யாருக்காவது கெலாய்டு இருந்தால், இரண்டாவது மூன்றாவது துளையைக் காதில் போடுவதற்கு முன் யோசிப்பது நல்லது.

உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியாது. பல ஆண்டு மதுப்பழக்கம், ஹெப்பாடைட்டிஸ் பி கிருமி, கல்லீரலில் படியும் கொழுப்பு ஆகியவை கல்லீரலைத் தொடர்ந்து காயப்படுத்துகின்றன. ஒவ்வொரு காயத்துக்கும் கொலாஜன் ஒட்டு விழுகிறது. ஒட்டுகள் சேர்ந்து சேர்ந்து வேலை செய்யும் திசுவுக்கு இடமில்லாமல் போகும்போது அது சிரோசிஸ். நுரையீரலிலும் சிறுநீரகத்திலும் இதயத்திலும் இதே கதை நடக்கலாம். ஆரம்ப நிலையில் காரணத்தை நிறுத்தினால் கல்லீரல் ஒட்டுகளில் ஒரு பகுதியைக் கரைத்துக்கொள்ளும் ஆற்றல் உடலுக்கு உண்டு.

புட்டியில் வரும் கொலாஜன்

அப்படியானால் கடையில் விற்கும் பானத்தைக் குடித்தால் கொலாஜன் கூடுமா? வாயில் போகும் கொலாஜன் முப்புரிக் கயிறாகத் தோலுக்குப் போய்ச் சேர்வதில்லை. தயாரிப்பின்போதே அது துண்டாக்கப்படுகிறது. வயிறும் குடலும் அதை மேலும் நறுக்கி, அமினோ அமிலங்களாகவும் மிகச் சிறிய துண்டுகளாகவும் இரத்தத்துக்கு அனுப்புகின்றன. பருப்பும் மீனும் முட்டையும் தரும் அமினோ அமிலங்களோடு அவையும் கலந்துவிடும். அவற்றை எங்கே பயன்படுத்துவது என்பது உடலின் முடிவு.

தோலின் ஈரப்பதம் சற்றுக் கூடியதாகச் சொல்லும் ஆய்வுகள் உண்டு. அவற்றில் பல, விற்பனை செய்யும் நிறுவனங்களின் நிதியில் நடந்தவை. பிறவிக் கொலாஜன் நோய் எதையும் இந்தப் பானங்கள் குணப்படுத்தாது. பழுது மரபணுவில் இருக்கும்போது மூலப்பொருளைக் கூட்டுவதால் பயனில்லை.

வாங்குபவர்கள் இரண்டைக் கவனிக்கலாம். முதலாவது, மூலம். மீன், மாடு, பன்றி ஆகியவற்றிலிருந்தே கொலாஜன் எடுக்கப்படுகிறது. சைவ உணவு உண்பவர்களும் மாட்டிறைச்சி தவிர்ப்பவர்களும் லேபிளைப் படிக்க வேண்டும். இரண்டாவது, சர்க்கரை. இனிப்பூட்டிய பானத்தைக் கொலாஜனுக்காகக் குடிக்கும் நீரிழிவு நோயாளி, இருக்கும் கொலாஜனுக்கே கேடு செய்துகொள்கிறார்.

இருப்பதைக் காப்பதே மலிவான வழி. வெயிலின் புற ஊதாக் கதிரும் சிகரெட்டும் தோலின் கொலாஜனை அறுக்கும் நொதிகளைத் தூண்டுகின்றன. குடை, தொப்பி, புகைப்பதை விடுவது, போதிய புரதம், தினமும் காய்கனி ஆகியவைதான் உறுதியாகச் சொல்லக்கூடிய பாதுகாப்பு.

மருத்துவரிடம் எப்போது?

* குழந்தைக்கு லேசான அடியிலேயே மீண்டும் மீண்டும் எலும்பு முறிந்தால்.
* சிறுநீர்ச் சோதனையில் இரத்தமோ புரதமோ தொடர்ந்து தெரிந்தால், குறிப்பாகக் குடும்பத்தில் இளம் வயதிலேயே சிறுநீரகம் செயலிழந்தவர்கள் இருந்தால்.
* மூட்டுகள் அளவுக்கு மீறி வளைந்து, அடிக்கடி இடம் பெயர்ந்து, தோலும் எளிதில் கிழிந்தால்.
* முதியவருக்கு ஈறில் இரத்தமும், காரணமில்லாத ஊதா நிறத் திட்டுகளும், ஆறாத புண்ணும் சேர்ந்து வந்தால்.
* நீரிழிவு உள்ளவருக்குக் கை கூப்பும்போது விரல்கள் ஒட்டாமல் போனால், அல்லது தோள் இறுகினால்.

இவற்றில் பெரும்பாலானவை அரசாங்கக் கிளினிக்கில் ஒரு சிறுநீர்ச் சோதனையிலும் ஓர் இரத்தச் சோதனையிலும் தொடங்குபவை. அடுத்த முறை இனிப்பு நீர் மருந்து வாங்கப் போகும்போது, கைகளையும் ஒருமுறை கூப்பிக் காட்டி மருத்துவரிடம் கேட்டுவிடலாம்.